சூட்டில் பிரியும், குளிரில் கரையும்

குளிர்ந்த நீரைவிட வெந்நீரில் சர்க்கரை மிகுதியாகக் கரைகிறது. அன்றாடம் அடுக்களையில் காணும் இந்நிகழ்ச்சியைக் கொண்டு, சூடேற்றினால் கரையும், ஆறவிட்டால் பிரியும் என்பதை ஒரு பொது விதியாகவே நாம் கொண்டுவிட்டோம். ஆயின் குளிர்ந்த நீரில் தெளிவாகக் கரைந்து நின்று, சூடு ஏறியதும் நீரைவிட்டு விலகிவிடும் பொருள்களும் உள்ளன. விந்தையான இந்த இயல்பு, பார்வை இழந்தோருக்கு மீண்டும் பார்வை அளிக்கும் ஒரு சிகிச்சைக்கு உதவியிருக்கிறது.

சங்கிலியின் இயல்பு

இப்பொருள்கள் பாலிமர் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலியாக அமைந்ததே பாலிமர். மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பரும், பஞ்சிலுள்ள செல்லுலோஸும் இயற்கை தந்த பாலிமர்கள். நைலான், பாலிஸ்டைரீன் முதலியன மனிதன் செய்தவை.

ஒரு பொருள் ஒரு திரவத்தில் கரையுமா என்பதை இரண்டு காரணங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, மூலக்கூறுகளுக்கிடையே உள்ள கவர்ச்சி. மற்றொன்று, எல்லாம் கலந்து பரவ வேண்டும் என்னும் இயற்கையின் போக்கு. இப்போக்கை என்ட்ரொப்பி என்னும் அளவால் விஞ்ஞானிகள் குறிப்பர். வெப்பம் கூடக் கூட இந்த இரண்டாவது காரணத்தின் வலிமையும் கூடுகிறது.

தனி மூலக்கூறுகள் எளிதில் சிதறிக் கலக்கும். சங்கிலியில் பிணைந்தவை அவ்வாறு கலக்க முடியாது. ஆயிரம் பேர் கைகோத்தபடி சந்தைக் கூட்டத்தில் நுழைந்தால், அவரவர் விருப்பம்போல் பரவ இயலாதன்றோ? ஆகவே பாலிமர் கரைசலில் கலக்கும் போக்கின் பலம் குறைவு. கவர்ச்சியில் ஏற்படும் சிறு மாறுதலும் கரைசலைப் பிரித்துவிடக்கூடும். 1940-களின் தொடக்கத்தில் இக்கணக்கை வகுத்தவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகளான பால் ஃபுளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் ஆவர். ஃபுளோரி 1974-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

இரு வகைப் பிரிவு

சைக்ளோஹெக்ஸேன் என்னும் திரவத்தில் மிக நீண்ட பாலிஸ்டைரீன் சங்கிலிகளைக் கரைத்தால், ஏறக்குறைய 34 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் கரைசல் தெளிவாக இருக்கும். அதற்குக் கீழே குளிரவிட்டால் பால்போல் கலங்கி, நாளடைவில் இரண்டு அடுக்காகப் பிரியும். ஓர் அடுக்கில் பாலிமர் மிகுதி. மற்றதில் பெரும்பாலும் திரவமே. இது நாம் எதிர்பார்க்கும் வகை. சூட்டில் கரைத்த பாலிமரை இவ்வாறு குளிரவைத்துப் பிரித்து, இடையில் தங்கிய திரவத்தைக் கழுவி நீக்கினால், நுண்துளைகள் நிறைந்த சவ்வு கிடைக்கிறது. நீரை வடிகட்ட இத்தகைய சவ்வுகள் பயன்படுகின்றன.

சூட்டில் பிரிவது மற்றொரு வகை. ஹைட்ரோகார்பன் திரவங்களில் கரைந்த பாலிமர்களும் மிகுந்த சூட்டில் பிரியும் என்பதை 1960-இல் ஃபிரீமன், ரௌலின்சன் என்னும் இருவர் வெளியிட்டனர். அங்கே, சூட்டில் திரவம் பாலிமரைவிட மிகுதியாக விரிந்துவிடுவதே காரணம். நீரில் நடப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு.

பாலி ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு என்பது ஒரு பாலிமர். இதன் கரைசல் சுமார் 32 டிகிரியில் சட்டென வெண்மையாகக் கலங்குவதை 1968-இல் ஹெஸ்கின்ஸ், கில்லெட் ஆகியோர் ஆராய்ந்து எழுதினர். இச்சங்கிலியில் நீரை விரும்பும் பகுதியும் உண்டு, வெறுக்கும் பகுதியும் உண்டு. குளிர்ந்த நிலையில், வெறுக்கும் பகுதிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் வேலி கட்டியதுபோல் ஒழுங்காக நிற்கின்றன. ஒழுங்காக நிற்பதென்றால் சுதந்திரத்தை இழப்பதென்று பொருள். வெப்பம் ஏறியதும் அந்த நீர் வேலியைக் கலைத்துக்கொண்டு ஓடுகிறது. தனித்து விடப்பட்ட சங்கிலிகள் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, நீரைவிட்டுப் பிரிகின்றன. பாலிமர் இழக்கும் சுதந்திரத்தைவிட நீர் அடையும் சுதந்திரம் பெரிது. எனவே சிதறிப் பரவும் போக்கே இங்குப் பிரிவினைக்கும் காரணமாகிறது. மீண்டும் குளிரவிட்டால் கரைசல் தெளிந்துவிடும்.

கண்ணுக்கு வந்த பயன்

மனித உடலின் வெப்பம் 37 டிகிரி. அறையின் வெப்பம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. 32 டிகிரி இவ்விரண்டுக்கும் இடையில் விழுகிறது. இதன் பயனை ஜப்பானில் தெருவோ ஒக்கானோவும் அவர் குழுவினரும் உணர்ந்தனர்.

ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கும் உயிரணுக்கள் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றை எடுக்க டிரிப்ஸின் போன்ற செரிமான நொதியை ஊற்றுவது வழக்கம். அது தட்டோடுள்ள பிணைப்பை மட்டுமன்றி, உயிரணுக்கள் தமக்குள் கொண்ட பிணைப்பையும் அறுத்துவிடும். விரிப்பாக வளர்ந்தது தூளாகிக் கையில் வரும். ஒக்கானோவின் குழுவினர் தட்டின்மேல் இந்தப் பாலிமரை மிக மெல்லியதாகப் பிணைத்தனர். அதன் தடிப்பு சுமார் 20 நானோமீட்டர், அதாவது மயிரிழையின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. 37 டிகிரியில் பாலிமர் நீரை விலக்குவதால் உயிரணுக்கள் ஒட்டி வளர்கின்றன. 20 டிகிரிக்குக் குளிரவைத்தால் பாலிமர் நீரை ஏற்று உப்புகிறது. உயிரணு விரிப்பு கிழியாமல் முழுதாகக் கழன்று வருகிறது. பாலிமர் தட்டிலேயே தங்கிவிடுகிறது.

கருவிழியின் முன்னுள்ள தெளிந்த படலத்தைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள் அதன் விளிம்பில் உள்ளன. நோயால் இரு கண்களிலும் அவை அழிந்துவிட்டால் படலம் மங்கிப் பார்வை போய்விடும். அடுத்த கண்ணிலிருந்து எடுக்கவும் வழியில்லை. பிறர் கண்ணிலிருந்து எடுத்துவைத்தால் உடல் அதை ஏற்க மறுக்கக்கூடும். இத்தகைய நால்வருக்கு கோஜி நிஷிடா என்னும் கண் மருத்துவரும் ஒக்கானோ முதலியோரும் அளித்த சிகிச்சையின் விவரம் 2004-இல் வெளிவந்தது. நோயாளியின் வாயின் உட்புறத்திலிருந்து 3 மில்லிமீட்டர் சதுர அளவுத் திசுவை எடுத்தனர். இரண்டு வாரம் வளர்த்து, குளிரவைத்துக் கழற்றி, தையலின்றியே கண்ணில் பொருத்தினர். நால்வருக்கும் படலம் தெளிந்து பார்வை சிறந்தது. சராசரி 14 மாதங்கள் கழித்தும் அத்தெளிவு நீடித்தது.

நால்வர் என்பது சிறு தொகையே. ஆயினும் கத்தியாலும் நொதியாலும் செய்ய முடியாததைச் சில டிகிரி வெப்ப மாறுதல் செய்து காட்டியது. ஒரு கரைசல் கலங்குவது ஏன் என்று கேட்டவர்கள், கண்ணைத் தெளிவாக்கும் வேலையைத் தாம் தொடங்கி வைப்பதாக நினைத்திருக்க மாட்டார்கள். காரணத்தை முழுதும் அறிந்துகொண்ட இயல்பு, என்றேனும் ஒருநாள் கருவியாகப் பயன்படும்.