மேசையை உயர்த்தினால் மட்டும் போதுமா?

வலது கையை ஒரு நிமிடம் அப்படியே கீழே தொங்கவிடுங்கள். புறங்கையில் பச்சையும் நீலமுமாகச் சில கோடுகள் புடைத்துத் தெரியும். இப்போது அதே கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். சில நொடிகளில் கோடுகள் அமுங்கிவிடும். உங்கள் பிஞ்சுக் கையில் சரியாகத் தெரியவில்லையென்றால் தாத்தாவையோ பாட்டியையோ தூக்கச் சொல்லிப் பாருங்கள். நன்றாகத் தெரியும்.

அந்தக் கோடுகள்தான் சிரைகள். உடம்பெல்லாம் சுற்றிவந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் பாதை. கை கீழே இருந்தபோது ரத்தம் மேலே ஏற வேண்டியிருந்தது, அதனால் தேங்கியது. கையைத் தூக்கியதும் தானாகவே வடிந்துவிட்டது.

இனிக் காலை நினைத்துப் பாருங்கள். ஒரு பெரியவர் நிற்கும்போது அவருடைய பாதத்துக்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் உயரம் இருக்கிறது. காலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திரிய முடியாதே! அப்படியானால் ரத்தம் எப்படி மேலே போகிறது?

கெண்டைக்கால் தசைதான் அதை மேலே தள்ளுகிறது. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்தத் தசை இறுகி, உள்ளே ஓடும் சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. தசை தளர்ந்ததும் ஏறிய ரத்தம் திரும்ப இறங்கிவிடாதா? இறங்காது. சிரைகளுக்குள் ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் சின்னஞ்சிறு வால்வுகள் இருக்கின்றன. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி, ரத்தம் உடலைச் சுற்றிவருகிறது என்று 1628-ல் புத்தகம் எழுதியபோது இந்த வால்வுகளைத்தான் முக்கியச் சாட்சியாகக் காட்டினார்.

அசையாமல் நிற்கும் பெரியவர் ஒருவரின் கணுக்காலில், சிரைக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவு. அவர் நடக்கத் தொடங்கினால் சில அடிகளிலேயே அது சுமார் 30-க்கு இறங்கிவிடும். மருத்துவர்கள் கெண்டைக்காலை ‘இரண்டாவது இதயம்’ என்று சொல்வது இதனால்தான்.

பள்ளியில் காலை பிரேயர் நடக்கும்போது யாராவது மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலும் வெறும் வயிறும் காரணம் என்பார்கள். அது சரிதான். ஆனால் ஆடாமல் அசையாமல் நின்றதும் ஒரு காரணம். கெண்டைக்கால் வேலை செய்யாததால் ரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது சற்று நேரம் குறைந்துவிடுகிறது. விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, ஆசிரியரைக் கூப்பிடுங்கள். நெடுநேரம் நிற்க வேண்டிவந்தால் ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கி நீட்டுங்கள். குதிகாலை லேசாக உயர்த்தி இறக்குங்கள். யாருக்கும் தெரியாது, கெண்டைக்கால் வேலை செய்துகொண்டிருக்கும்.

அப்படியென்றால் உட்கார்ந்திருப்பதுதான் நல்லதா? லண்டன் பேருந்துகளைக் கேளுங்கள். அங்கே மாடிப் பேருந்துகள் ஓடின. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்; ஒரு நாளைக்கு 500 படிக்கும் மேல். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் உடல்நலத்தை ஒப்பிட்டு, 1953-ல் முடிவை வெளியிட்டார். இதய நோய் நடத்துநர்களுக்குக் குறைவாகவும் ஓட்டுநர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. ஒருவேளை குண்டானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்கு வந்தார்களோ என்ற சந்தேகம் அவருக்கே வந்தது. பிறகு சீருடை தைத்த கணக்கை வாங்கி, கால்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தார்! ஒல்லியோ குண்டோ, நடத்துநர்களே நலமாக இருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானக் கதைகளில் இது ஒன்று. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

இப்போது மேசைக்கு வருவோம். கணினியில் வேலை செய்யும் அப்பாவோ அம்மாவோ சித்தியோ உங்கள் வீட்டில் இருக்கலாம். அவர்களுக்காக ‘ஸ்டாண்டிங் டெஸ்க்’ என்ற நின்று வேலை செய்யும் மேசை வந்திருக்கிறது. அதில் தூக்கிச் செல்லக்கூடிய வகை, மடக்குக் கால் வைத்த ஒரு பலகைதான். இருக்கும் மேசைமேல் வைத்து விரித்தால் உயரும். மடக்கினால் பைக்குள் போய்விடும்.

உயரம் சரியாக இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று முழங்கையை ‘ட’ எழுத்துப்போல மடக்கினால் கை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் விசைப்பலகை இருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வர வேண்டும். லேப்டாப்பில் இரண்டும் ஒட்டியே இருப்பதால் ஒன்று சரியானால் மற்றொன்று தவறிவிடும். தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக்கொண்டால் கழுத்து பிழைக்கும். வீட்டில் அளவு பார்க்கும் வேலையை நீங்களே செய்யலாம்.

நின்றாலே உடம்பு இளைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உட்காருவதைவிட நிற்பதற்கு நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடுதலாகச் செலவாகும். ஆறு மணி நேரம் நின்றால் 54 கலோரி, ஒரு சின்ன இட்லி அளவு! இந்த மேசையின் உண்மையான பயன் வேறு. ஏற்றலாம், இறக்கலாம். கொஞ்ச நேரம் நின்று, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, நடுநடுவே தண்ணீர் குடிக்க நடந்துபோய் வந்தால் கெண்டைக்காலுக்கு வேலை கிடைக்கும். மேசையை உயர்த்திவிட்டுச் சிலைபோல நின்றால் ஒரு பயனும் இல்லை. வாங்கிய முதல் நாளே மணிக்கணக்கில் நின்றால் கால்வலிதான் மிஞ்சும்.

நாள் முழுக்க நிற்பவர்களின் கஷ்டத்தைத் துணிக்கடையில் பார்க்கலாம். அங்கே புடவை எடுத்துப் போடும் அக்காக்கள் பல ஆண்டுகளாக உட்கார இடமில்லாமலே வேலை செய்தார்கள். வெகுநேரம் நின்றே வேலை செய்பவர்களுக்குச் சிரை வால்வுகள் பழுதாகி, காலில் சிரைகள் சுருண்டுகொள்ளும் நோய் வரும் ஆபத்து அதிகம். 2018-ல் கேரளமும் 2021-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தன.

அடுத்த முறை புதுத்துணி எடுக்கப் போகும்போது அந்த அக்காவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவர்களுக்கு ஏன் இருக்கை இல்லை என்று கடை முதலாளியிடம் கேட்கும்படி அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்.