பிறந்த குழந்தைக்கு எத்தனை வாரம்?

மேச்சேரிப் பக்கம் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணிடம் கடைசியாக மாதவிலக்கான தேதியைக் கேட்டால், "ஆடிப் பண்டிகைக்கு முன்னாலங்க" என்று பதில் வரலாம். ஸ்கேன் சீட்டும் கையில் இல்லையா? குழந்தையின் உடம்பே கணக்குச் சொல்லும்.

மருத்துவர் உள்ளங்காலைப் பார்ப்பார். நிறைமாதக் குழந்தைக்குக் குதிகால் வரை ரேகை ஓடியிருக்கும். மிக முந்திப் பிறந்ததற்குப் பாதம் வழவழவென்றிருக்கும். காது மடலை மடித்துவிட்டால் நிறைமாதப் பிள்ளைக்குச் சட்டென நிமிரும். குருத்தெலும்பு உறுதிப்படாத குறைமாதப் பிள்ளைக்கு மடிந்தபடியே கிடக்கும். கையை மார்பின் குறுக்கே மெல்லக் கொண்டுபோனால், குறைமாதக் குழந்தையின் முழங்கை நடுமார்பைத் தாண்டிவிடும்.

இத்தகைய அடையாளங்களுக்கு 1970-ல் இங்கிலாந்தின் டுபோவிட்ஸ் தம்பதியர் தம் சகாவுடன் மதிப்பெண் வகுத்தார்கள். 1979-ல் அமெரிக்க மருத்துவர் ஜீன் பலார்ட் அதைச் சுருக்கினார்: உடல் அடையாளம் 6, நரம்பு-தசை அடையாளம் 6. விடை ஏறக்குறைய 2 வாரம் முன்பின்னாக இருக்கும்.

எடையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. 2 கிலோ குழந்தை 34 வாரத்தில் பிறந்ததாகவும் இருக்கலாம். 38 வாரமாகியும் வயிற்றில் சரியாக வளராததாகவும் இருக்கலாம். முன்னதற்கு மூச்சுத் திணறலும் பால் உறிஞ்ச வலுவின்மையும் பெரிய கவலை. பின்னதற்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கும் அபாயம் உண்டு. இரண்டுக்கும் கவனிப்பு வேறு வேறு.

கர்ப்பிணித் தாய்மார்களே, கடைசி மாதவிலக்குத் தேதியை எழுதி வையுங்கள். முதல் 3 மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் சீட்டைப் பிரசவத்துக்குப் போகும்போது மறக்காமல் கொண்டுபோங்கள்.