அச்சை விட்டு அகலாத படகு!

எண்ணெயும் தடவாமல், துணியும் விரிக்காமல் இட்லித் தட்டில் மாவை ஊற்றினால் என்ன நேரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பாதி இட்லி தட்டில், பாதி கையில்! இருபத்தைந்து அடி நீளப் படகுக்கு இதே கதி நேர்ந்தால்?

நமது கடற்கரையில் கட்டுமரத்தைக் காண்பது இன்று அருகிவிட்டது. 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்து போன பிறகு, ஏற்கெனவே பரவி வந்த 'பைபர்' படகுகள் மளமளவென்று பெருகின. இந்தப் படகை யாரும் செதுக்குவதில்லை, அச்சில் வார்க்கிறார்கள். அச்சின் உட்புறத்தில் முதலில் 'ஜெல்கோட்' என்னும் வர்ணப் பூச்சு, அது சற்று இறுகியதும் கண்ணாடி நார் விரிப்பு, அதன்மேல் ரெசின். இப்படிப் படலம் படலமாக ஏறுகிறது படகு.

சங்கடம் என்னவென்றால், அச்சும் பெரும்பாலும் அதே ரெசினால் ஆனதுதான்! இனம் இனத்தோடு ஒட்டிக்கொண்டால் உளியும் சுத்தியும்தான் கதி. படகும் பாழ், அச்சும் பாழ். பல படகுகளைப் பெற்றுத் தரவேண்டிய அச்சு உடைந்தால், சிறு பட்டறைக்காரர் முதலை இழந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே படகுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு 'பிரிப்பான்' அவசியமாகிறது.

எண்ணெயின் ஸ்தானத்தில் இருப்பது மெழுகு. மெழுகுவர்த்தி மெழுகு உதவாது. ரெசின் இறுகும்போது தானாகவே சூடேறும். அந்தச் சூட்டில் அது இளகிவிடும். இங்கே பெயர் பெற்றது 'கார்னோபா' மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படிந்திருப்பது இது. ஓலையை உலர்த்தி அடித்து உதிர்க்கிறார்கள். 80 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால்தான் உருகும். மிட்டாய்க்குப் பளபளப்பு ஏற்றுவதும் இதே மெழுகுதான் என்றால் நம்புவீர்களா?

புதிய அச்சு என்றால் ஒருமுறை தடவினால் போதாது. நான்கைந்து முறையாவது வேண்டும். மெல்லியதாகத் தடவி, துணியால் தேய்த்து, ஆறவிட்டு, பிறகுதான் அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் புதுப் பூச்சிலுள்ள திரவம் பழைய பூச்சைக் கரைத்துவிடும். அள்ளி அப்புவதும் ஆகாது. தேய்க்காமல் விட்ட மெழுகு படகின் மேனியில் மங்கலாகத் தெரியும்.

துணியின் ஸ்தானத்தில் இருப்பது 'பி.வி.ஏ.' என்ற திரவம். மெழுகின்மேல் தெளித்தால் உலர்ந்து மெல்லிய சவ்வாகிவிடும். வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவிவிடலாம். கடையில் கேட்கும்போது மட்டும் ஜாக்கிரதை! தச்சர்களின் வெள்ளைப் பசைக்கும் சிலர் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள். ஒட்டாமல் இருக்கப் போய் ஒட்டுகிற பசையை வாங்கி வந்த கதையாகிவிடும். மழைக்காலத்தில் சவ்வு உலர நேரமாகும். ஈரம் இருந்தால் ஜெல்கோட் கெடும். பளபளப்பும் சற்றுக் குறையும். ஆகையால் புது அச்சின் முதல் சில படகுகளுக்கு இதைப் பூசிவிட்டு, பிறகு மெழுகோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது வகை, காற்றின் ஈரத்தோடு கலந்து அச்சிலேயே இறுகிக்கொள்ளும் திரவம். ஒருமுறை பூசினால் பல படகுகளுக்கு வரும், விலைதான் கூடுதல். ஆனால் பழைய மெழுகைத் துளிகூட மிச்சமின்றித் துடைத்த பிறகே பூசவேண்டும். பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒட்டு டேப்பே போதும். ஒட்டாமல் சுலபமாக உரிந்து வந்தால் சரி.

கார் பாலிஷைத் தடவிப் பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். அதில் சிலிக்கோன் கலந்திருந்தால் ஜெல்கோட் சீராகப் பரவாமல் வட்டம் வட்டமாக விலகி நிற்கும். தொழிலில் இதற்கு 'மீன்கண்' என்று பெயர். மீன்பிடி படகில் மீன்கண் விழுவது யாருக்கு வேண்டும்?

அச்சின் வடிவமே கோணலாயிருந்தால் எந்தப் பூச்சும் கைகொடுக்காது. வாய் குறுகிய குடத்துக்குள் வார்த்ததை வெளியே எடுப்பது எப்படி?

எல்லாம் ஒழுங்காக அமைந்தால், விளிம்பில் மர ஆப்புகளை மெதுவாகச் செருகி, இடுக்கில் காற்றையோ தண்ணீரையோ செலுத்துவார்கள். பி.வி.ஏ. பூசியிருந்தால் தண்ணீரே பாதி வேலையைச் செய்துவிடும். இரும்புக் கடப்பாறையை எடுத்து வருகிறவரைப் பட்டறைப் பக்கமே விடமாட்டார்கள். ஓரிடத்தில் 'டப்' என்று ஓசை கேட்கும். அது விளிம்போரமாக ஓடும். நாலு பேர் சேர்ந்து தூக்கப் படகு மேலே வரும்.