காட்டுக் குளியல்

தண்ணீரே தேவைப்படாத ஒரு குளியல் ஜப்பானில் உண்டு. காட்டுக்குள் நிதானமாக நடப்பது, மரவாசனையை ஆழ்ந்து இழுப்பது, இலைகளின் சலசலப்பைக் கேட்பது: இதைத்தான் 1982-இல் அந்நாட்டு வனத்துறை மக்களுக்குப் பரிந்துரைத்தது. நாகானோ மாவட்டத்து அகசாவாக் காடு இதன் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது. நடந்தால் எங்கேயும் நல்லதுதானே, காட்டுக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானிய ஆய்வாளர்கள் 24 காடுகளில் இதைச் சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வோரிடத்திலும் 12 பேர்; முதல்நாள் பாதிப்பேர் காட்டுக்கு, மீதிப்பேர் நகரத்துக்கு, மறுநாள் இடம் மாறினார்கள். நடந்தபோது மட்டுமல்ல, சும்மா உட்கார்ந்து பார்த்தபோதும் காட்டில் நாடித்துடிப்பும், ரத்த அழுத்தமும், எச்சிலில் உள்ள கார்ட்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனும் நகரத்தைவிடக் குறைவாகவே இருந்தன. ஆகவே, எல்லாம் நடையின் பலன் என்று ஒதுக்கிவிட முடியாது.

பங்கேற்றவர்கள் இளைஞர்கள், அளந்ததும் உடனடி மாற்றத்தை மட்டுமே என்பது உண்மைதான். அதனால் இது நோய் தீர்க்கும் என்றோ, மாத்திரையை நிறுத்தலாம் என்றோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால், மனதின் இறுக்கம் தளர, அதிகச் செலவில்லாத ஒரு துணையாக இதைத் தாராளமாகக் கொள்ளலாம்.