கோடையில் தரிசு காலியாக இல்லை

பறவை பார்க்கணும்னா மார்கழி, தை மாதம்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதுக்குக் காரணம் உண்டு. சைபீரியா, நடு ஆசியாப் பக்கமிருந்து வலசை வரும் பறவைகள் அப்போதுதான் நம்ம குளங்களில் தங்கும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான்.

பங்குனி, சித்திரையில் விருந்தாளிகள் பெரும்பாலும் கிளம்பிவிடுவார்கள். ஆனால் இங்கேயே வாழும் பறவைகள் பலவற்றுக்குச் சித்திரையும் வைகாசியும்தான் பேறுகாலம். ‘சும்மா கிடக்கு’ என்று நாம் சொல்கிற இடங்களில்தான் அவை முட்டையிடுகின்றன: தரிசு, மொட்டைப் பனை, உப்பள வரப்பு. அதனால் உழவருக்கு முக்கியம் இந்தக் கோடைப் பார்வைதான். தூத்துக்குடிப் பக்கம் ஒரே காலையில் மூன்றையும் பார்த்துவிடலாம்.

தரிசு

விடியும் நேரத்தில் கோரம்பள்ளம் குளத்தங்கரைக்கு வந்துவிடுங்க. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால் பாசனத்தில் வரும் குளம் இது. தண்ணீர் சுருங்கச் சுருங்க, மிச்சமிருக்கும் மீனுக்கும் நத்தைக்கும் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் கூடும். அதைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தரிசில் மெதுவாக நடங்க. தலைக்கு மேலே ஆக்காட்டி கத்திக்கொண்டே வட்டமடித்தால் அங்கேயே நின்றுவிடணும். கூடு பக்கத்தில்தான் இருக்கு.

கூடு என்றால் வெறும் குழி, சுற்றிலும் சின்னக் கற்கள். பெரும்பாலும் நான்கு முட்டை. மண் நிறத்தில் கரும்புள்ளி. பொரிக்க ஏறக்குறைய 4 வாரம் ஆகும். உச்சிவெயிலில் தாய்ப்பறவை தண்ணீரில் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைக்கும்.

சிக்கல் இங்கேதான். சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம் என்று ஒரு கோடைமழை பெய்ததும் நாம் டிராக்டரை இறக்குகிறோம். மண்ணுக்கு அது நல்லது, விட முடியாது. ஆனால் கலப்பை போன தடத்தில் நான்கு முட்டையும் போய்விடும். புழுவும் வண்டும் தின்று நமக்குக் கூலியில்லாமல் வேலை செய்கிற பறவை அது. வழி எளிது. உழவுக்கு முந்தின நாள் காலையில் வயலை ஒரு சுற்று சுற்றுங்க. கூட்டுக்குச் சில அடி தள்ளி நான்கு குச்சி ஊன்றி, அந்தத் துண்டை மட்டும் உழாமல் விடச் சொல்லுங்க. குச்சியைக் கூட்டை ஒட்டி ஊன்றினால் காக்கைக்கு அடையாளம் காட்டியதாகிவிடும்.

மொட்டைப் பனை

விவசாயக் கடனுக்காக நிலம் பார்த்து மதிப்புப் போடுவது வங்கியில் என் வேலையாக இருந்தது. கிணறு, மோட்டார், தென்னை எல்லாத்துக்கும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. கொண்டை போன பனைக்குக் கட்டம் கிடையாது. அதன் பொந்தில்தான் பனங்காடையும் புள்ளி ஆந்தையும் குஞ்சு பொரிக்கின்றன. பனங்காடை வெட்டுக்கிளியையும் வண்டையும் பிடிக்கும். புள்ளி ஆந்தை பூச்சியோடு சுண்டெலியையும் பிடிக்கும். உயிருள்ள பனையின் ஓலையில் பனை உழவாரன் எச்சிலால் கூட்டை ஒட்டி வைத்து, நாளெல்லாம் பறந்தபடியே பூச்சி பிடிக்கும்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பட்டமரம்தானே என்று செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடாமல் வரப்போரம் ஒன்றிரண்டை நிற்க விடுங்க. பக்கத்து வயல்காரர் எலி மருந்து வைத்தால் அவரிடமும் பேசுங்க. விஷம் தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் செத்துப்போகும்.

உப்பளம்

அங்கிருந்து முள்ளக்காடு பக்கம் வந்தால் உப்பளம். கடல்நீர் ஒவ்வொரு பாத்தியாக மாறி, வெயிலில் சுண்டி, கடைசியில் உப்பாகிறது. உப்பு குறைவான முதல் பாத்திகளில் மீன் இருக்கும். அங்கே ஆலாக்களும் நாரைகளும். அடுத்து உப்பு ஏறிய பாத்திகளில் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால். அங்கே நெடுங்கால் உள்ளான். பூநாரைகள் மிச்சமிருந்தால் அவையும் இங்கேதான். உப்பு விளையும் பாத்தியில் அநேகமாக ஒன்றும் இராது.

நெடுங்கால் உள்ளானும் சிறு ஆலாவும் உப்பள வரப்பிலேயே முட்டையிடும். எந்த வரப்பில் என்று உப்பு வாரும் தொழிலாளிகளைக் கேளுங்க, சொல்வாங்க. அளத்துக்காரரிடம் அனுமதி கேட்காமல் உள்ளே இறங்க வேண்டாம். கடைசியாக வ.உ.சி. துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக் கடற்கரை. துறைமுகப் பகுதிக்குள் படம் எடுக்காதீங்க. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது.

கிளம்பும் முன்

காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்க. வெயிலேறிய பிறகு தாயைக் கூட்டிலிருந்து எழுப்பினால் முட்டை வெந்துபோகும். நாயைக் கூட்டிவராதீங்க. தண்ணீர், தொப்பி, இருநோக்கி, ஒரு நோட்டு போதும். தேதி, இடம், பறவை, எத்தனை, கூடு உண்டா என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்க. உங்க வயலுக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் ஒதுக்குங்க. மூன்று கோடை தொடர்ந்து எழுதினால், எந்த மூலையை உழவுக்குக் கொஞ்சநாள் தள்ளிப்போடலாம் என்று அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.