சார்த்தர் நகரில் இரண்டிரவு

ஊர் காணச் செல்வோர் இரு வகையினர். காலையிற் சென்று மாலையில் மீள்வோர் ஒரு வகை. சென்ற ஊரிலே துயின்று, அவ்வூர் விழித்தெழுவதையும் கண்டு வருவோர் மற்றொரு வகை. முன்னவர் பலவற்றை ஒருமுறை காண்கின்றனர். பின்னவர் சிலவற்றை இருமுறை காண்கின்றனர். இருமுறை காண்டலின் பயன் யாது என்பதைச் சென்ற ஆண்டு விடுமுறையிலே, பாரிசு மாநகரில் வாழும் என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது அறிந்தேன்.

"சார்த்தர் பேராலயத்தை ஒரு பகலிலே பார்த்துவிட்டுத் திரும்பலாம், அண்ணா" என்றாள் தங்கை. "இரண்டிரவு தங்குவோம், மாமா" என்றாள் அவள் மகள். பதினேழு வயதினள், பாரிசிலே பிறந்தவள், தமிழை இனிது பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அவள் சொல்லே வென்றது.

மொம்பர்னாஸ் நிலையத்திலே புகையிரதம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்படச் சார்த்தரை அடையலாம். தொலைவு ஏறத்தாழ 90 கிலோமீற்றர். வழியிலே போஸ் என்னும் கோதுமைச் சமவெளி விரிந்து கிடக்கின்றது. அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயல்களுக்கு அப்பால், ஊர் தோன்றுமுன்னரே பேராலயத்தின் இரு கோபுரங்களும் தோன்றின. அவை ஒன்றையொன்று ஒத்தவையல்ல. தென்கோபுரம் 12ஆம் நூற்றாண்டினது. அணி மிகாது நிமிர்ந்து நிற்பது. வடகோபுரத்தின் உச்சியோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமைந்தது, சிற்பவேலை செறிந்தது.

எங்கள் விடுதி ஓர் ஒடுங்கிய தெருவில் இருந்தது. எனக்கும் மருமகளுக்கும் அடுத்தடுத்த சிற்றறைகள். சாளரத்தைத் திறந்தால் கூரைகளும் புறாக்களும் தெரிந்தன. காலையுணவு பாணும் வெண்ணெயும் கோப்பியும். மரக்கறி உண்போனுக்கு இடர் எதுவுமில்லை.

முதல்நாட் பிற்பகலிலே பேராலயத்தின் மேற்கு வாயிலை அடைந்தோம். அரச வாயில் என்பது அதன் பெயர். 1194இல் மூண்ட தீயிலே பழைய பேராலயத்தின் பெரும்பகுதி அழிந்தபோதும் இவ்வாயில் தப்பியது. இதன் வலப்புற வளைவிலே இலக்கணம் முதலாய ஏழு கலைகளையும் ஏழு மங்கையராகச் செதுக்கி வைத்துள்ளனர். இலக்கண மங்கையின் ஒரு கையிலே நூல். மறுகையிலே அடிக்கும் கோல். நம்மவர் கைப்பிரம்புக்கு அது நெருங்கிய உறவு. அவள் காலடியிலே சிறுவர் இருவர். ஒருவன் படிக்கின்றான்; மற்றவன் குறும்பு செய்கின்றான்.

யான் பெருமிதங்கொண்டேன். முப்பதாண்டு இலக்கணம் கற்பித்தவன் தன் கலையைப் பேராலய வாயிலிலே காண்பதென்றால் எளிய பேறோ? அப்போது மருமகள், "மாமா, நீங்களும் இப்படித்தான் கோல் வைத்திருந்தீர்களா?" என்றாள். "அக்காலத்தில் எல்லோரும் வைத்திருந்தோம்" என்று சிரித்தேன். அன்றே திரும்புபவனாயின், அச்சிரிப்போடு புகையிரதம் ஏறியிருப்பேன்.

மாலையிலே கீழூருக்கு இறங்கினோம். ஏர் என்னும் சிற்றாறு அங்கே வீடுகளின் பின்புறத்தைத் தொட்டு ஓடுகின்றது. பழைய கற்பாலங்கள், ஆற்றோரத்துத் துணிவெளுக்கும் துறைகள், தோல் பதனிடுவோர் முன்னாளில் வாழ்ந்த தெருக்கள் எல்லாவற்றையும் கால்நடையாகவே காணலாம். ஏற்ற இறக்கம் மிகுந்த கல்பாவிய வழிகளாதலின் முதியோர் மெல்ல நடத்தல் வேண்டும். இருள் கவிந்தபின் பேராலய முகப்பிலே வண்ண ஒளியோவியங்களை வீசுகின்றனர். பகலிற் கூடிய கூட்டம் போய்விட்டது. ஊரார் சிலரும், எம்மைப்போல் தங்கியோர் சிலருமே நின்றோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மருமகளின் வினா அறைக்குள்ளும் வந்துவிட்டது. ஆசிரியத் தொழிலின் தொடக்கத்திலே, 'பொன்', 'குடம்' என்னும் இரு சொற்களின் புணர்ச்சிக்கு விதி சொல்லத் தடுமாறிய ஒரு மாணவனை யான் பிரம்பால் அடித்தேன். அவன் அழவில்லை. மறுவாரம் தமிழ் வகுப்பை விட்டு வேறு பாடத்துக்கு மாறிவிட்டான். பல ஆண்டின் பின் அவனை ஒரு கடையின் முதலாளியாகக் கண்டேன். எழுந்து நின்று வணங்கினான். "உன் மகனை என்னிடம் தமிழ் படிக்க அனுப்பேன்" என்றேன். அவன் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினான். நன்னூலார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறினார். அக்கோல் எடை காட்டும் கோலேயன்றி அடிக்கும் கோலன்று என்பதை ஆண்டுதோறும் கற்பித்த யான், அன்றிரவே அதனைக் கற்றேன்.

மறுநாள் உள்ளே சென்று வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைக் கண்டோம். அந்நீல நிறத்தைச் சொல்லாற் காட்டல் அரிது. தென்புறத்துப் பெருவட்டச் சாளரத்தின் கீழே, 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் செய்த நெடுஞ்சாளரங்கள் உள்ளன. சுவிசேஷகர் நால்வரும் பழைய தீர்க்கதரிசிகள் நால்வரின் தோள்மேல் அமர்ந்திருக்கின்றனர். எசாயாவின் தோளில் மத்தேயு. எரேமியாவின் தோளில் லூக்கா. சுமப்போர் பெரியர், அமர்ந்தோர் சிறியர்.

12ஆம் நூற்றாண்டிலே சார்த்தர்ப் பள்ளியில் பெர்னார் என்னும் இலக்கண ஆசிரியர் விளங்கினார். முன்னோர் தோள்மேல் நிற்பதாலேயே பின்னோர் தொலைவு காண்கின்றனர் என்பது அவர் கருத்து. அதனை எழுதிவைத்தவர், பெர்னாரின் மாணாக்கரிடம் கற்றுப் பிற்காலத்தில் இவ்வூர் ஆயரான சோல்ஸ்பரி யோவான். அவரே மற்றொன்றும் எழுதியுள்ளார்: பெர்னார் சிலரை அறிவுரையாலும் சிலரை அடியாலும் திருத்தினார் என்பது. ஒரே ஆசிரியரிடம் கோலும் இருந்தது, தோளும் இருந்தது. எண்ணூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் பின் உலகம் அவருடைய தோளையே நினைவில் வைத்திருக்கின்றது.

இப்பள்ளியின் ஏடுகளுக்கு நேர்ந்த கதி துயரமானது. 1939இல் போர் மூண்டபோது பேராலயக் கண்ணாடிகளைக் கழற்றிச் சேமமாக வைத்தனர்; அவை பிழைத்தன. நகர நூலகத்துச் சுவடிகளும் வெளியே கொண்டுசெல்லப்பட்டன. ஆயின், பின்னர் ஆக்கிரமித்தோர் கட்டளையால் நகருக்கே மீண்டன. 1944 மே 26இல் நேசநாட்டு வானூர்திகளின் குண்டு வீழ்ந்து நூலகம் எரிந்தது. தியெரி என்னும் ஆசிரியர் ஏழு கலைகளுக்கும் தொகுத்த பெருநூலின் இரு தொகுதிகளும் அழிந்தன. நிழற்படிகள் முன்னரே எடுக்கப்பட்டிருந்தமையால் அவற்றின் எழுத்து எஞ்சியது. வெப்பத்தாலும் நீராலும் ஒட்டிக் கருகிய ஏனைய ஏடுகளை ஆய்வாளர் இந்நூற்றாண்டிலே ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்நூலின் ஏடு எனக் கண்டு, படமெடுத்து வருகின்றனர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைச் சிறுவனாக அறிந்த எனக்கு, இதனை மருமகள் படித்துச் சொன்னபோது பேச்செழவில்லை. ஏட்டைத் தீயிடமிருந்து காப்பது ஒருவர் கையில் இல்லாமற் போகலாம். மாணவனை நூலைவிட்டு ஓடாமற் காப்பதோ ஆசிரியன் கையிலேயே உள்ளது.

மூன்றாம்நாட் காலை, சுற்றுலாப் பேருந்துகள் வருமுன், தனியே அரச வாயிலுக்குச் சென்றேன். இளவெயில் மறுபுறத்தே இருந்தது. வாயில் நிழலிலே குளிர்ந்து கிடந்தது. இலக்கண மங்கை அதே கோலோடு நின்றாள். அவள் கல்லாதலின் அதனைக் கீழே வைத்தல் இயலாது. என் கை கல்லன்று. முதல்நாள் அவள் கையை நோக்கினேன். இன்று காலடியிலுள்ள அச்சிறுவரை நோக்கினேன். இரண்டிரவு தங்கியதன் பயன் இவ்வளவே. ஆயினும் அது சிறிதன்று.

ஊர் திரும்பிய மறுவாரம் அக்கடைக்குச் சென்றேன். மகனை அனுப்பு என்று கேட்கவில்லை. பொற்குடத்துக்காக அன்று அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் சிறிதுநேரம் தராசையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர், "னகரம் றகரமாகத் திரியும், ஐயா" என்றான்.