கோதுமை வயலில் வளர்ந்த புற்றுநோய்

டான்யூப் நதியில் போய்ச் சேரும் சாவா, மொராவா போன்ற ஆறுகளின் கரையோரம் விவசாயக் கிராமங்கள் பல உண்டு. இன்றைய குரோஷியா, போஸ்னியா, செர்பியா, பல்கேரியா, ருமேனியா ஆகிய பால்கன் நாடுகளில் அவை சிதறிக் கிடக்கின்றன. 1950களில் அங்கே மருத்துவர்கள் ஒரு விசித்திரமான நோயைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். நடுவயது தாண்டியவர்களின் சிறுநீரகங்கள் வலியோ வீக்கமோ காட்டாமல் ஆண்டுக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வந்தன. அவர்களில் பலருக்குச் சிறுநீரகத்தின் உட்குழிவிலோ, அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயிலோ புற்றுநோயும் வந்தது.

இது அபூர்வமான புற்றுநோய். சிறுநீர்ப் பாதையின் உட்சவ்வு மேலிருந்து கீழ்வரை ஒரே வகைதான் என்றாலும், அதில் தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை சிறுநீர்ப்பையில்தான் வரும். மேல்பாதையில் வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். அப்படிப்பட்ட நோய் ஒரு சில கிராமங்களில் மட்டும் ஏன் குவிய வேண்டும்?

ஒரு கிராமத்தில் நோய் இருக்கும், பக்கத்துக் கிராமத்தில் இருக்காது. ஒரே ஊரிலும் சில வீடுகளைப் பிடிக்கும், சிலவற்றை விட்டுவிடும். பரம்பரை நோய் என்று முடிவு கட்டவும் வழியில்லை. வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்களுக்கும் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து அதே நோய் வந்தது. கிணற்று நீர், நிலக்கரிப் படிவு, வைரஸ், தானியத்தில் பூக்கும் பூஞ்சைக் காளான் என்று சந்தேகப் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

1969இல் இவிச் என்ற யூகோஸ்லாவிய மருத்துவர் வேறொன்றைக் காட்டினார். அங்குள்ள கோதுமை வயல்களில் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த ஒரு களைச்செடி மண்டிக் கிடந்தது. அறுவடையில் அதன் விதைகளும் கோதுமையோடு சேர்ந்து ஆலைக்குப் போகும், மாவாகும், வீட்டு அடுப்பில் ரொட்டியாகும். அவர் சொன்னதை அன்று பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இன்றும் வருத்தம் தரும் இடம் இது.

விடை வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், இளம் பெண்கள் வரிசையாகச் சிறுநீரகச் செயலிழப்போடு மருத்துவமனைக்கு வந்தார்கள். எல்லோரும் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்டவர்கள். சீன மூலிகை ஒன்றுக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியாவின் வேர் அதில் தவறுதலாகக் கலந்திருந்தது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களில் 39 பேர், முன்னெச்சரிக்கையாகத் தங்கள் சிறுநீரகங்களையும் குழாய்களையும் அகற்றிவிட ஒப்புக்கொண்டார்கள். அகற்றிய உறுப்புகளைச் சோதித்தபோது 18 பேரிடம் புற்றுநோய் இருந்தது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த இந்த முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. பால்கன் விவசாயிகளின் நோயும் பிரஸ்ஸல்ஸ் பெண்களின் நோயும் ஒன்றுதான் என்பது மெல்ல மெல்லத் தெளிவானது.

குற்றவாளி அரிஸ்டோலோக்கிக் அமிலம். உடலுக்குள் உருமாறி, டிஎன்ஏவில் உள்ள அடினின் என்ற எழுத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது. செல்லின் பழுதுபார்க்கும் இயந்திரம் இந்த ஒட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுகொள்வதில்லை. செல் பிரியும்போது, அடினின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. புற்றுநோய்களில் இப்படிப்பட்ட மாற்றம் மிக அரிது. அதனால் கட்டியின் மரபணுவைப் படிக்கும்போது இந்தப் பிழை மலிந்து கிடந்தால் நோயாளி எதை உட்கொண்டார் என்பதை அதுவே சொல்லிவிடும். அமெரிக்க ஆய்வாளர் ஆர்தர் க்ரோல்மனின் குழு 2007இல் பால்கன் நோயாளிகளின் திசுவில் ஒட்டையும் பிழையையும் சேர்த்தே காட்டியது. மூலிகை மருந்துகள் பரவலாகப் புழங்கிய தைவானிலும் பின்னர் அதே தடயம் அகப்பட்டது. சாப்பிட்டுப் பல ஆண்டுகள் கழிந்தும் சிறுநீரகத்தில் ஒட்டு அப்படியே இருக்கக்கூடும்.

நம் ஊர் வேலியோரம் வளரும் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே இனம்தான். அவற்றிலும் இந்த அமிலம் உண்டு. ரோஜா அழகி போன்ற பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் அந்த இலைகளைத் தின்று, நஞ்சை உடம்பில் சேமித்து, பறவைகளிடமிருந்து தப்பிக்கின்றன. புழுவைக் காக்கும் பொருள் நம் சிறுநீரகத்தைக் காக்காது. பாம்புக்கடிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் தலைமுறைகளாகப் பயன்பட்டு வந்திருந்தாலும், இவற்றை உட்கொள்ளக் கூடாது என்றே நான் அழுத்திச் சொல்வேன்.

மேல்பாதைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போவது. சில சமயம் ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்து, புழுப் போல நீளமான கட்டியாக வெளிவரும். சிறுநீர்ப்பையில் உறைந்தால் இந்த வடிவம் வராது. சாய மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன், சிறுநீரில் உதிர்ந்த செல்களின் சோதனை, பிறகு எண்டோஸ்கோப்பி என்று பரிசோதனை நகரும். சிறுநீர்க்குழாயின் உள்விட்டம் சில மில்லிமீட்டர்தான். அதற்குள் கேமரா பொருத்திய மெல்லிய கருவியை ஏற்றிக் கிள்ளியெடுக்கும் சதை கடுகளவுகூட இராது. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அந்தத் துணுக்கை வைத்துச் சொல்வது சிரமம்.

வீரியமான கட்டி என்றால், சிறுநீரகம், குழாய், அது சிறுநீர்ப்பையைத் தொடும் இடம் எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பதுதான் வழக்கம். பரவும் அபாயம் இருப்பவர்களுக்குக் கீமோதெரபியும் உண்டு. மூலிகை நஞ்சுக்கு ஆளானவருக்கோ இரண்டு சிறுநீரகமும் ஏற்கெனவே பழுது. ஒன்றை எடுத்தால் டயாலிசிஸ் நெருங்கிவிடும்.

வீரியம் குறைந்த கட்டிகளுக்கு இப்போது இன்னொரு வழி இருக்கிறது. மைட்டோமைசின் மருந்தைக் குழாய்க்குள் ஊற்றினால் சிறுநீர் உடனே அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் குளிர்ந்த நிலையில் திரவமாகவும் உடல் சூட்டில் கூழாகவும் மாறும் ஒரு பொருளில் மருந்தைக் கலந்தார்கள். உள்ளே போனதும் அது இறுகி, சில மணி நேரம் ஒட்டியிருந்து, சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும். வாரம் ஒரு முறை, ஆறு வாரம். சோதனையில் 71 பேரில் 42 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. 2020இல் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. சிறுநீரகம் தப்பித்தாலும் கண்காணிப்பு ஓயாது. ஒரே சவ்வு என்பதால் சிறுநீர்ப்பையிலும், அரிஸ்டோலோக்கியா உட்கொண்டவர்களுக்கு மறுபக்கச் சிறுநீரகத்திலும், நோய் பின்னாளில் தலைகாட்டலாம்.